சாயம் அடித்த முடி

ராத்திரி பெருக்கி மூலையில் குவித்த முடி காலையில் பாதிதான் இருந்தது. முப்பது வருஷமாக அதே சலூனைக் குனிந்து பெருக்குகிற கிழவருக்குத் தன் குவியலின் உயரம் தெரியாதா? மிஞ்சியது அத்தனையும் சாயம் அடித்த முடி. அந்தச் செத்த கறுப்பை இருட்டில் தொட்டாலே சொல்லிவிடுவார். அதுவும் குவியலாக இல்லை. சீப்பு போட்டு வாரியது போல ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

முதல் சந்தேகம் பக்கத்துக் கடைத் தையல்காரர் மேல். கிழவருக்கு யார் மேல்தான் சந்தேகம் இல்லை?

"என் கடைக்கு இன்னொரு சாவி வச்சிருக்கியா?"

"எதுக்குண்ணே? உங்க சீப்புல இருக்கிற அழுக்கைத் திருடவா?"

"முடி காணோம்."

"எனக்கும்தான் நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் காணோம். நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

அதற்குமேல் கிழவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். கலங்கியவன் கையில் கத்தி இருக்க, கழுத்தை நீட்டிக்கொண்டு எவன் உட்காருவான்?

மறுநாள் மத்தியானம் தரையில் நாலு காகிதம் விரித்தார். ஒன்றில் தாடி, ஒன்றில் நரை, ஒன்றில் குழந்தை முடி, ஒன்றில் சாயம் அடித்தது. ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தார். தாடி இல்லை. சாயங்காலம் பார்த்தபோது நரையும் இல்லை. குழந்தை முடி கடைசியாகப் போனது. தட்டில் நல்லதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துத் தின்கிற பிள்ளையைப் போல. சாயம் அடித்தது மட்டும் அப்படியே, வாரிவிட்டபடி கிடந்தது. பெரிய கண்ணாடிக்குக் கீழே சுவர் வெடித்திருந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியை உதிர்த்தது போல வெள்ளையாக எச்சம். கடையில் ஒரு கரப்பான், ஒரு பல்லி கண்ணில் பட்டு மாதக்கணக்காகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெடிப்பில் காதை வைத்தார். ஈரக் கம்பளி வெயிலில் காய்கிற வாடையும், தூரத்தில் யாரோ மழுங்கிய கத்தரியால் நிதானமாக வெட்டிக்கொண்டே இருப்பது போன்ற சத்தமும் வந்தன.

திருடன் இல்லை என்றதும் அவருக்கு நிம்மதிதான். அள்ளிக் கொட்டுகிற வேலை மிச்சம். தின்னட்டும் சனியன். அது விட்டுவைத்த சாய முடியை மட்டும் ஒரு சாக்கில் திணித்து வாஷ்பேசினுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

அப்புறம் அவருக்கு மணிக்கட்டு வீங்கியது. நாலு நாள் கடை பூட்டு. நாலு நாள் தரையில் ஒரு முடி விழவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் வீடு. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவாள். கண்ணாடி மாட்டிய சுவரின் மறுபக்கம்தான் அவள் கட்டிலின் தலைமாடு. ஐந்தாம் நாள் எழுந்து வந்தவள் பின்னல் நுனியைக் காட்டினாள்.

"தூக்கத்துல என் முடியை வெட்டினீங்களாப்பா? கை சும்மா இருக்க மாட்டேங்குதா?"

நாலு விரற்கடை குறைந்திருந்தது. கத்தரி பட்ட வெட்டு இல்லை. ஒவ்வொரு இழையும் சாய்வாகக் கொறிக்கப்பட்டிருந்தது. தாயில்லாப் பிள்ளைக்கு ஐந்து வயதிலிருந்து அவர் வாரிப் பின்னிய முடி. கட்டிலைத் திருப்பிப் போட அறையில் இடமில்லை. தலைமாட்டுச் சுவரிலும் வெடிப்பு இருந்தது, அதில் சிமெண்டைப் பூசினார். மறுநாள் அதற்குப் பக்கத்தில் புதுசாக ஒரு துளை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சாயம் அடித்ததை அது தொடாது.

"உக்காரும்மா. சாயம் போட்டு விடுறேன். நரை தெரியுது."

"இருபத்தஞ்சு வயசுல எனக்கு நரையா? வாங்க, முதல்ல உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுவோம்."

"சொன்னா கேளு."

குரலில் என்ன இருந்ததோ, அவள் உட்கார்ந்துவிட்டாள். வேர் வரைக்கும் பூசினார். ஒரு இழையை விடவில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்து அவள் அசந்து தூங்கினாள். கிழவர் கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி தூக்கினார். மத்தியான வெயில் முழங்கால் உயரத்துக்கு உள்ளே வந்தது. வாஷ்பேசினுக்கு அடியில் சாக்கைப் பார்த்தார். தட்டையாகக் கிடந்தது.

தூக்கினார். கனமே இல்லை. அடியில் ஓட்டை.

சாய முடி. ஒரு இழைகூட இல்லை.

சுவரிலிருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றினார். ஆணி தெறித்து எங்கோ விழுந்தது. பின்னால் செங்கல் குடைந்து பொந்து. பொந்து நிறைய கறுப்பாக ஒரு கூடை, தலைப்பின்னல் போல இறுக்கமாக, மூன்று மூன்று இழையாகப் பின்னியது. சாய முடியை அது பிடிக்காமல் ஒதுக்கவில்லை. கூடு கட்ட எடுத்து வைத்தது.

கூட்டுக்குள் குஞ்சுகள். கட்டைவிரல் அளவு. வெள்ளை. கண் இல்லை. வாய் மட்டும்.

ஒரு பக்கம் கூடு இன்னும் முடியவில்லை. அங்கே ஈரம் காயாத புதுச் சாய வாடை. அந்தப் பக்கத்து இழைகள் பின்னலோடு நிற்கவில்லை. சுவருக்குள் போயின. மறுபக்கம்.

பற்றி இழுத்தார்.

சுவருக்கு அப்பாலிருந்து தூக்கக் கலக்கத்தில் மகளின் குரல் வந்தது.

"இழுக்காதீங்கப்பா... வலிக்குது."

கையை எடுத்தார்.

முடி நிற்கவில்லை. மெதுவாக, ஒரே சீராக, சுவரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பின்னப்பட்டுக்கொண்டே இருந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வாயைத் திருப்பின. ஒன்றன் பின் ஒன்றாக, முடியைக் கவ்விக்கொண்டு, வேர் இருக்கும் பக்கம் ஏறத் தொடங்கின.