மெழுகு வைத்த கை

டுமீல்!

க்ளினிக் வாட்ச்மேன் வாசற்படியிலேயே பிணமானான்.

பிணத்தைத் தாண்டி உள்ளே வந்தவன், சாணை. கூலிக்கு வெட்டுகிறவன். இடது கையில் துப்பாக்கி. வலது கை... எவனோ கடப்பாரையால் போட்ட போட்டில், தோளுக்குக் கீழே முறிந்து தொங்கியது!

"டாக்டரம்மா! ரத்தம் நிக்கணும். வேற பேச்சே கூடாது!"

"மயக்கம் குடுத்துட்டு..."

"ஆசைதான்! கையை மட்டும் மரக்க வை. நான் முழிச்சுக்கிட்டே இருப்பேன்."

எலும்பு டாக்டருக்குக் கை நடுங்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நர்ஸ் நடுங்கினாள்.

உடைந்த எலும்பு முனைகளில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. தட்டில் ரத்தம் நிறுத்த இரண்டு டப்பா: ஒன்றில் பழைய எலும்பு மெழுகு, இன்னொன்றில் புதுப் பசை. டாக்டர் புதுப் பசையை எடுத்தாள்.

சாணை இளித்தான்.

"கை கூடுற வரைக்கும் நீ எனக்கு வேணும். கூடினதும் முதல் வெட்டு உனக்குத்தான். என் மூஞ்சியைப் பார்த்துட்டியே!"

"இப்பவே சுட்டுடலாமே?"

"சீ! துப்பாக்கி அவசரத்துக்கு. தொழிலுக்கு அரிவாள்தான்."

டாக்டர் பசையைக் கீழே வைத்தாள். பழைய மெழுகை உருட்டி, முனைகளில் அப்பினாள்.

ரத்தம் நின்றது!

தகடு வைத்து ஸ்க்ரூவை முடுக்கினாள்.

"போலீஸ் கேட்டா, முகமூடிக்காரன்னு சொல்லு. மாத்திச் சொன்னே... உன் வீட்டுல ஒரு தலை குறையும்!"

மாதங்கள் ஓடின. சாணை அவ்வப்போது ராத்திரியில் வந்து கையைக் காட்டிவிட்டுப் போனான்.

"அப்பப்ப குடையுதே, டாக்டரம்மா?"

"தொழில் இல்லாம ஏங்குது போல."

ஒரு பகல்... க்ளினிக் கதவு தெறித்தது!

"கை கூடிடுச்சு, டாக்டரம்மா!"

"அப்படியா? நான் இன்னும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவே இல்லையே?"

"இப்பப் பாரு!"

அரிவாளைத் தலைக்கு மேல் ஓங்கினான். முழு பலத்தோடு...

படக்!

தகடு முறிந்தது. கை பாதியில் மடங்கியது. அரிவாள் நேராக அவன் பாதத்திலேயே இறங்க, இரண்டு விரல்கள் தனிக்குடித்தனம் போயின!

"ஆ...! என்னடி பண்ணினே?"

"நீங்க கேட்டதைத்தான். மெழுகு ரத்தத்தை நிறுத்தும். ஆனா கரையாது. அது நடுவுல இருந்தா எலும்பு சேராது. இத்தனை நாளும் தாங்கினது வெறும் தகடு!"

"அப்ப... அந்தப் பசை?"

"ரத்தத்தையும் நிறுத்தும், எலும்பையும் வளர்க்கும். நீங்கதான் வேற பேச்சே கூடாதுன்னுட்டீங்களே!"

நர்ஸ் போனில் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை நடுக்கம் இல்லை.

"ஐயோ... கால்ல ரத்தம் நிக்கலையே... தாயே!"

டாக்டர் இரண்டு டப்பாவையும் நீட்டினாள்.

"மெழுகா, பசையா? யோசிச்சுச் சொல்லுங்க... ஜெயிலுக்குள்ள நிறைய நடக்க வேண்டியிருக்கும்!"