குறைந்துகொண்டே வந்த ஆழம்

மூன்றாவது முறை தூண்டிலை வீசியபோது தக்கை நிமிராமல் நீரின் மேல் படுத்துக்கொண்டது.

மா சொங்-டுவுக்கு அது புரியவில்லை. காலையில் ஈயக்குண்டை இறக்கிப் பார்த்துத்தான் தக்கையைக் கட்டியிருந்தார். நான்கு ஆள் ஆழம். குண்டு தரை தட்டினால்தான் தக்கை படுக்கும்; இறக்கிக் கட்டிப் பார்த்ததில் இப்போது மூன்றுதான் இருந்தது. அணையில் மதகைத் திறந்துவிட்டார்களோ என்று நினைத்தார். திறந்தால் சங்கு ஊதுவார்கள். அவருக்கு அது தெரியும். இந்த அணையைக் கட்டிய காலத்தில் அதன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர்.

ஏரியின் நடுவே நங்கூரமிட்ட மிதவைக் குடில் அது. உள்ளே மண்ணெண்ணெய் வாடையும் முன்பு தங்கியவர்கள் சுட்டுத் தின்ற கணவாய் மீனின் வாடையும் கலந்து சுவரில் ஊறியிருந்தன. உச்சிப்பொழுதாகியும் பனி விலகவில்லை. மலை, கரை, அடுத்த குடில் எதுவும் தெரியாமல் நாலாபக்கமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது.

காலையில் அவரைப் படகில் கொண்டுவந்து விட்டவள் குடில்களின் சொந்தக்காரி பியோ ஒக்-புன். பதிவேட்டில் அவர் எழுதிய பெயரை இரண்டு தடவை படித்தாள். குடிலில் அவர் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“சியோல்காரரே, நீங்க இங்க முன்னாடி வந்திருக்கீங்க.”

“இல்லம்மா. இந்த ஏரிக்கு இதான் முதல் தடவ.”

“வந்திருக்கீங்க. அப்ப இங்க தண்ணி இல்ல.”

படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடி வீசினார். தக்கை மறுபடி படுத்தது. இரண்டு ஆள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. யாரோ நீரை மொண்டு ஊற்றும் சத்தம். அவசரமில்லாமல், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கே உரிய ஒரே சீரில், மொண்டு, ஊற்றி, மறுபடி மொண்டு. ஓட்டைப் படகிலிருந்து எவனோ நீரை இறைக்கிறான் என்று எண்ணிக் குரல் கொடுத்தார். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஒக்-புன்னுக்குப் போன் செய்தார்.

“படக எடுத்துட்டு வாம்மா. தண்ணி வேகமா குறையுது.”

“கரையில குறையலையே. படிக்கட்டு வரைக்கும் நிக்குது.”

“நான் பொய்யா சொல்றேன்?”

“பொய் சொல்றது உங்களுக்குப் புதுசா?” அவள் குரலில் சூடே இல்லை. “கடைசி வீட்டுல ஆள் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க.”

“எல்லாரும் போயிட்டாங்கன்னுதான் சொன்னாங்க.”

“எங்க அக்கா போகல.”

போன் அடங்கியது. பிறகு எத்தனை முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

அணை நிரம்பும் முன், மூழ்கப்போகும் ஊரில் வீடுகள் காலியாகிவிட்டனவா என்று கணக்கெடுக்கப் போனபோது பார்த்த அந்த வீடு அவருக்கு நினைவிருந்தது. கதவு சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. யாரோ தரைக்கடியில் அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று மழை. மேடேறிப் போய்க் கதவைத் தட்டச் சோம்பல். புகையைப் பார்த்துக்கொண்டே ‘காலி’ என்று எழுதினார்.

தக்கையை இறக்கிக் கட்டினார். இடுப்பளவு. மறுபடி இறக்கினார். முழங்கால்.

தூண்டிலைப் போட்டுவிட்டு விளிம்பில் குப்புறப் படுத்தார். கையை நீருக்குள் விட்டார். எலும்பைக் கடிக்கும் குளிர். மணிக்கட்டு நனைந்தது. முழங்கை நனைவதற்குள் விரல் தரையைத் தொட்டது.

சேறு இல்லை. வழுவழுப்பு. அந்த ஊர் வீடுகளில் இருந்ததுபோல எண்ணெய்த்தாள் ஒட்டிய அறைத் தரை.

சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டார். குடில் ஒருமுறை குலுங்கி, அடி தட்டி, நின்றது. அசைவில்லை. அலையில்லை.

மொள்ளும் சத்தம் மிக அருகில்.

பத்தடி தூரத்தில் ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். நனைந்த தலைமுடி முகத்தை மூடியிருந்தது. சுரைக்குடுவையால் தரையில் மிஞ்சிய நீரை வழித்துத் தோளுக்குப் பின்னால் வீசினாள். இன்னொரு முறை வழித்தாள். இனி வழிக்க எதுவுமில்லை.

குடுவையைக் கீழே வைத்தாள். தலையை நிமிர்த்தாமலே சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.

சொங்-டு ஓட இடம் தேடித் திரும்பினார். பனி இன்னும் அப்படியே சூழ்ந்திருந்தது. அந்தப் பனிக்குள்ளே ஒரு கெண்டை வாயைத் திறந்து மூடியபடி அவர் தலைக்கு மேலே நீந்திப் போனது. அது பனியல்ல. நான்கு பக்கமும் ஏரி சுவராக நின்றிருந்தது.