குவிமாடத்தின் பல்லிவால்கள்

சனிக்கிழமை காலையில் திருமேனி வெளியுடையை மாட்டிக்கொண்டு, காலி உருளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பீருக்குக் காற்றுப் பிடிக்கப் போனான்.

செம்மணல் குடியிருப்பில் இதை யாரும் ஒரு வேலையாக நினைப்பதில்லை. செவ்வாயின் காற்று பெரும்பாலும் கரியமிலவாயுதான். காற்றுப்பூட்டுக் கதவைத் தாண்டினால் சுவரோரம் ஒரு அமுக்குப்பொறி நிற்கும். உருளையை அதில் மாட்டி, தூசி வடிகட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் பூமியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களைப் போல அங்கே எப்போதும் நாலு பேர் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று சோடா போடுவதற்காகப் பக்கத்து வீட்டுப் பிச்சுமணி வந்திருந்தான். வெளியே வழக்கம்போல மங்கலான மஞ்சள் வெளிச்சம். இருவருடைய முகக்கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு சிறிய கறுப்பு வால் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன திருமேனி, இன்னிக்காவது பீர் வருமா, இல்ல சோப்புத் தண்ணிதானா?" தலைக்கவச ஒலிபெருக்கியில் பிச்சுமணியின் சிரிப்பு கரகரத்தது.

"வரும்யா."

"நேத்தும் இதத்தான் சொன்ன. அந்த நுரையில துணி ஊற வைக்கலாமான்னு எங்க வீட்ல கேக்குறா."

சிரிக்கும் நிலையில் திருமேனி இல்லை.

விஷயம் அவன் மனைவி செண்பகத்தினுடையது. குடியிருப்பின் ஒரே வாற்கோதுமை வயலை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பூமியைவிடச் செவ்வாய்க்குச் சூரியன் தூரம், வெளிச்சம் குறைவு. முதலில் வந்து குடியேறிய முன்னோடிகள் அதையும் கணக்கிட்டுத்தான் விதையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். இருந்தும் அவர்கள் எதிர்பார்த்ததில் பாதிதான் விளைந்தது. அவள் உரத்தை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், விதைக்கும் பருவத்தைக்கூட மாற்றிப் பார்த்தாள். கதிர்கள் சோகை பிடித்தவை போலவே நின்றன. வயலை மூடிவிட்டு உருளைக்கிழங்கு போடலாம் என்று குடிமன்றம் பேச ஆரம்பித்தது. அப்படி மூடினால் செண்பகத்துக்குப் பாசித் தொட்டியில் வேலை. பாசித் தொட்டிக்குப் போனவர்கள் வீட்டுக்கு வந்தபிறகும் பாசியாகவே மணப்பார்கள்.

"மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து, இதுல காய்ச்சின பீரைக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று அவள் மன்றத்தைக் கேட்டிருந்தாள். ஞாயிறு மதியம் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

பீரைக் காய்ச்சுவது அவளுக்குக் கைவந்த கலை. பரிமாறுவதுதான் சிக்கல். முன்னோடிகளின் கிடங்கில் ஒரு பீர்க் குளிர்பெட்டி இருந்தது. உள்ளே பீப்பாயையும் வாயு உருளையையும் வைத்து, மேலே உள்ள குழாயைத் திருகினால் குளிர்ந்த பீர் கொட்டும். விருந்தாளிகள் வரும்போது எடுக்கலாம் என்று பிரிக்காமலே வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து அதற்குப் பிறகு ஒரு விருந்தாளியும் வரவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் குலசேகரனிடம் திருமேனி நடையாய் நடந்து அதை இரவல் வாங்கி வந்திருந்தான். ஒரே ஒரு நிபந்தனை. எப்படி வாங்கினானோ அப்படியே திருப்பித் தர வேண்டும், ஒரு கீறல் இருக்கக்கூடாது.

மூன்று நாட்களுக்கு முன் பெட்டியைக் கூடத்தின் நடுவே, வாசலில் நிற்பவர்களுக்கும் தெரியும்படி வைத்தான். சந்தனமும் குங்குமமும் வைத்து, பீப்பாயை ஏற்றி, குழாயைத் திறந்தான். நுரை வந்தது. நுரை மட்டும்தான் வந்தது. செவ்வாயில் எடை குறைவு என்பதால் நுரைக்கு அடங்கும் அவசரம் கிடையாது. அது கோப்பையைவிட்டு எழுந்து, தலையணை மாதிரி உப்பி, மேசை விளிம்பில் சாவகாசமாகச் சரிந்தது.

ஊரே வந்து வைத்தியம் சொன்னது. அணைத்துவிட்டுப் போடு என்றார் ஒருவர். தலையில் ஒரு தட்டுத் தட்டு என்றார் இன்னொருவர். வாயு அழுத்தத்தைக் குறைத்தார்கள். குழாய் சோம்பேறித்தனமாகத் துப்பியது. கூட்டினார்கள். கூரைவரை அடித்தது. உள்ளே ஓடும் குழலை நீளமாக்கினார்கள், குழாயின் வாயைக் கழற்றிக் கழுவினார்கள். வாயுதான் பழையது என்று பிச்சுமணி அடித்துச் சொன்னதால்தான் அன்று காலையில் உருளையைப் புதிதாக நிரப்பப் போனான். அதை மாட்டியதும் முன்னைவிட வெள்ளையான நுரை வந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

"போதும். நோக்கியைக் கூப்பிடுங்க" என்றாள் செண்பகம்.

"அது எதுக்கு? வெளிய தெரிஞ்சா..."

"தெரியாதது யாருக்குங்க? நுரை தெருவரைக்கும் போயாச்சு."

பழுதுநோக்கி எட்டுக் கால் கொண்ட எந்திரன். கூரைக் கண்ணாடி துடைப்பதிலிருந்து சாக்கடை அடைப்பு எடுப்பதுவரை குடியிருப்பின் எல்லா வேலையும் அதனுடையது. முன்னோடிகள் யாரோ அதற்கு மேடைத்தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வணக்கம். கோளாறு யாது?"

"பீர் கேட்டா நுரை குடுக்குது" என்றாள் செண்பகம்.

நோக்கி பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தது. முகப்பில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தது. ஒரு கோப்பை பிடித்து, நுரை வடியும்வரை பொறுமையாக நின்று, அடியில் தேங்கிய பீரில் ஒரு விரலை நனைத்தது.

"குளிர்பெட்டி மூன்று பாகை என்கிறது. பீர் பன்னிரண்டு பாகை என்கிறது. இரண்டில் பீருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சூடா இருந்தா என்ன?" திருமேனி கேட்டான்.

"குளிர்ந்த பீர் வாயுவைப் பிடித்துவைக்கும். சூடான பீரில் வாயு தங்காது. திறந்ததும் தப்பி ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் தாங்கள் மூன்று நாட்களாகக் கோப்பையில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்."

"அப்ப பெட்டி ஏன் மூணுன்னு காட்டுது?"

நோக்கி கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டியது. பின்சுவரில், குளிர்காற்று வரும் துளைக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு கண் இருந்தது. பீப்பாயின் வெப்பத்தைப் பார்த்து அளப்பது அந்தக் கண்தான். அதன்மேலும், சுவர் முழுவதும், வெளிப்பக்கம் முழுவதும், கீறல் விழாமலிருக்கப் போட்ட மெல்லிய மஞ்சள் காப்புத்தோல் இறுக்கமாக ஒட்டியிருந்தது.

"கண் பீப்பாயைப் பார்க்கவில்லை. தன்மேல் போர்த்திய தோலைப் பார்க்கிறது. தோலின்மேல் குளிர்காற்று படுகிறது. எல்லாம் குளிர்ந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டி ஓய்வெடுக்கிறது. தோலை உரித்தால் சரியாகிவிடும்." தோலின் ஓரத்தில் தொங்கிய கறுப்பு வாலைச் சுட்டிக் காட்டியது. "இதைப் பிடித்து இழுக்க வேண்டும்."

"ஐயோ வேணாம்!" திருமேனி பெட்டியை மறித்து நின்றான். "குலசேகரண்ணன் கொன்னே போட்டுருவாரு. கவரோட குடுத்தாரு, கவரோட குடுக்கணும். கண்ணு இருக்கற இடத்துல மட்டும் சின்னதா ஒரு ஓட்டை போட்டா என்ன?"

"நாளைக்கு வர்றவங்களுக்குப் பெட்டியைக் காட்டப் போறோமா, பீரைக் குடுக்கப் போறோமா? தள்ளுங்க."

"செண்பகம், புதுசுடீ!"

"எப்பப் புதுசு? எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடி."

அவள் வாலைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரே வீச்சில் தோல் உரிந்து வந்தது. திருமேனி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மெல்லத் திறந்து பார்த்தான். பெட்டி மஞ்சள் நிறம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். அது வெள்ளை.

செண்பகம் உரித்த தோலைச் சுருட்டி வைக்கப்போனவள், வாலில் கைபட்டதும் நின்றாள். சன்னல் வழியாக மேலே பார்த்தாள். குடியிருப்பை மூடியிருந்த பெரிய குவிமாடம் நூற்றுக்கணக்கான கண்ணாடிப் பலகைகளால் ஆனது. ஒவ்வொரு பலகையின் உட்புற மூலையிலும் அதே போல ஒரு கறுப்பு வால் தொங்கியது. பல்லிவால் என்று அதற்குப் பெயர். பல்லியைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. பொங்கலன்று ஏணி வைத்து, எட்டிய வால்களுக்கெல்லாம் சந்தனம் பூசுவார்கள்.

"நோக்கி, மேல தொங்குதே பல்லிவால்... அதுவும் இதுதானா?"

"ஆம். அதே காப்புத்தோல். வெயிலில் மஞ்சளடித்துவிட்டது. பாதி ஒளியை அது தடுக்கிறது."

திருமேனியின் கை தானாக ஆணியில் தொங்கிய வெளியுடைக்குப் போய், முகக்கண்ணாடியின் ஓரத்தைத் தடவியது. அங்கேயும் வால் இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" செண்பகத்தின் குரல் உயர்ந்தது.

"மாதந்தோறும் நான்தானே துடைக்கிறேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். எவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை."

மறுநாள் மதியம் மன்றத் தலைவி எஸ்தரம்மாவும் குலசேகரனும் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் குலசேகரனின் கண் பெட்டியில்தான் விழுந்தது.

"தம்பி, கவர் எங்க?"

"பத்திரமா மடிச்சு வச்சிருக்கேண்ணே" என்றபடி திருமேனி அவசரமாகக் குழாயைத் திருகினான். பொன்னிறப் பீர் சத்தமில்லாமல் இறங்கியது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. எஸ்தரம்மா ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார். இன்னொரு மிடறு குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு, செண்பகம். இத மூடணும்னா எனக்கே மனசு வரல."

"ருசி வேற, விளைச்சல் வேறம்மா" என்றார் குலசேகரன், கோப்பையைக் கீழே வைக்காமலே. "வயித்துக்குக் கிழங்குதான் வேணும்."

"விளைச்சல் ஏன் வரலன்னு காட்டறேன், வாங்க" என்றாள் செண்பகம்.

வயலில் ஏணி தயாராக இருந்தது. அவள் ஏறி, தலைக்கு மேலிருந்த பல்லிவாலைப் பிடித்தாள். கீழே யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். இழுத்தாள்.

தோல் உரிய உரிய, வயலின் நடுவே ஒரு வெளிச்சம் விழுந்து விரிந்தது. அப்படிப்பட்ட வெளிச்சத்தை அங்கே பிறந்த எவரும் பார்த்ததில்லை. அதற்குள் நின்ற கதிர்களின் நிழல் தரையில் கத்தியால் வெட்டியது போல விழுந்தது. குலசேகரன் அந்த வெளிச்சத்துக்குள் கையை நீட்டி, பிறகு மெல்ல உள்ளே நடந்து, தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என் சட்டை நீலமா?" என்றார். "பச்சைன்னுல்ல இத்தன வருஷமா போட்டுட்டிருக்கேன்!"

செண்பகத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எல்லாத்தையும் உரிச்சுட்டா விளைச்சல் ரெண்டு மடங்கு வரும்மா. வாற்கோதுமையும் போடலாம், கிழங்கும் போடலாம்."

எஸ்தரம்மா மேலே பார்த்தபடியே நின்றார். பிறகு வயதையும் மறந்து ஏணியில் ஏறி, உரித்த கண்ணாடியை உள்ளங்கையால் தடவினார்.

"ஒரு கீறல் இல்ல பாத்தியா குலசேகரா. நேத்து இறக்கின மாதிரி இருக்கு." கண்ணாடியை இன்னொரு முறை தடவினார். "எங்கப்பா மாட்டினது. அடுத்த கப்பல்ல வர்றவங்க பாக்கும்போது எல்லாம் புதுசா இருக்கணும், அதுவரைக்கும் யாரும் இழுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. நாங்கதான் ஏதோ சாமி விஷயம்னு நெனச்சுட்டோம்."

"அடுத்த கப்பல் எப்ப வருதும்மா?" செண்பகம் கேட்டாள்.

எஸ்தரம்மா ஏணியிலிருந்து இறங்கத் தொடங்கினார்.

மன்றம் அன்று மாலையே கூடிப் பேசியது. முடிவு செண்பகத்துக்குச் சாதகமாகத்தான் வந்தது. வயலை மூடுவதில்லை. வெளிச்சம் போதவில்லை என்பது நிரூபணமாகிவிட்டதால், கிடங்கில் இருக்கும் முன்னோடிகளின் வளர்ப்பு விளக்குகள் அனைத்தும் அவள் பெயருக்கே வழங்கப்படும். குவிமாடம் புத்தம் புதிதாக இருப்பது தெரியவந்ததில் மன்றம் மகிழ்ச்சி தெரிவித்தது. அதை அப்படியே காப்பது எல்லோருடைய கடமை. உரித்த ஒரு பலகையை மட்டும், பசை இன்னும் பிடிப்பதால், நோக்கி மறுபடி ஒட்டிவிட வேண்டும்.

அவள் சண்டை போட்டாள். பாசித் தொட்டிக்குப் போகாமல் தப்பித்ததே பெரிது என்று திருமேனி கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

ஒரு வாரத்தில் விளக்குகள் வந்தன. நோக்கி அவற்றை வயலுக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டு இணைப்புக் கொடுத்தது. செண்பகம் ஒவ்வொன்றின் கீழேயும் நின்று நின்று பார்த்தாள். குளிர்பெட்டி இரவல். கண்ணாடிப் பலகை மன்றத்துடையது. இவை அவளுடையவை. பிறந்ததிலிருந்து இன்னொருவர் உபயோகிக்காத ஒரு பொருள் அவள் கைக்கு வந்தது இதுதான் முதல்தடவை. விளிம்பில் ஒரு தூசி இல்லை. கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது, கொஞ்சம் மஞ்சளாக.

நோக்கி ஒரு காலை நீட்டி, முதல் விளக்கின் ஓரத்தில் ஆடிய கறுப்பு வாலைப் பிடித்தது.

"இழுக்கலாமா?"

செண்பகம் வாலைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

"இரு, நோக்கி" என்றாள். "மொத அறுவடை முடியட்டும்."

நோக்கி காலை மடக்கிக்கொண்டது. கேட்காததைச் சொல்லும் வழக்கம் அதற்கு இல்லை.