நீலத்தின் நடுவே மூன்று பச்சை

"2079, செப்டம்பர் 12. இன்று ஒரு தவறு செய்தேன். பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு முன்பே இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துவிட்டேன். வேறு யாருடைய மாதிரியோ கலந்து பச்சை வந்திருக்கலாம்."

அல்லி குறிப்பேட்டை மூடினாள். திருச்சி மாலைக் கல்லூரியின் ஆய்வகம் காலியாகிவிட்டது. இம்முறை சீட்டை முதலில் ஒட்டிவிட்டு விரலைக் குத்தினாள். நுண்ணோக்கியின் ஊதா விளக்கின் கீழ் வெள்ளணுக்கள் நீலமாக ஒளிர்ந்தன. பிறந்த குழந்தைக்கெல்லாம் புகட்டும் கரிப்பொட்டுகள் என்ற ஒளிரும் நுண்துகள்களின் வேலை அது. அணு கெட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். நீலத்தின் நடுவே மூன்று மட்டும் பச்சை.

"அக்கா, மறுபடியும் பச்சை. நான்தான் எங்கயோ சொதப்புறேன்."

ஆய்வக உதவியாளர் பெனிட்டா ஈரக்கையோடு வந்தாள். "நீ ஒழுங்கா செஞ்சாலும் சொதப்பிட்டேன்னுதான் எழுதுவ. தள்ளு." குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. "இது கொய்யா இலைப் பச்சைடி. என் உடம்புல இருக்கிற பழைய பொட்டு. நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே அதைக் குடுக்கிறதை நிறுத்திட்டாங்களே!"

"அம்மா பள்ளிக்கூட வயசுல அதைக் குடிச்சிருக்காங்க. கசக்கும்னு மூக்கைப் பிடிச்சுக் காட்டுவாங்க."

"அப்ப அவங்கதான். வயித்துல இருக்கிறப்ப தாயோட அணு கொஞ்சம் பிள்ளைக்குள்ள வந்து தங்கிடும். பாடத்துல வந்துச்சே!"

அல்லி மறுபடி குனிந்தாள். அம்மா நறுமுகை இறந்து ஆறு வருடங்கள். மூக்கைப் பிடித்தபடி சிரிக்கும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

"நாளைக்குத்தானே உனக்கு முதல் துப்புரவு?" என்றாள் பெனிட்டா.

இருபத்தொரு வயதில் தொடங்கி ஆண்டுக்கொரு ஊசி. அவரவர் உடலின் நிறத்தில் ஒளிராத எந்த அணுவையும் அது அந்நியம் என்று அழித்துவிடும். புற்றுநோய் ஒழிந்தது அதனால்தான்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடேன்."

"ஊசி வேணாம்னு விட்டுத்தானே அக்கா அம்மாவை அந்த நோய் கொண்டுபோச்சு. நான் எப்படி வேணாம்கிறது?"

பெனிட்டா ஒரு புதுத் தகட்டை எடுத்தாள். தன் விரலைக் குத்தி, தகட்டை வைத்து, வெகுநேரம் தேடினாள். எல்லாம் பச்சை.

"எங்கம்மா காலத்துல பொட்டே கிடையாது. எனக்குள்ள ஒளியில்லாம இருட்டா இருந்திருப்பா. பதினாலு வருஷமா ஊசி போட்டு, சுத்தம்னு நெனச்சு அவளைக் கூட்டித் தள்ளியிருக்கேன்."

அல்லி குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: "பச்சை என் தவறு அல்ல. நாளை காலை ஒன்பது மணிக்குத் துப்புரவு நிலையம். ஊசிக்கு முன் ஐந்து மில்லி இரத்தம் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். பெனிட்டா அக்கா உறைபெட்டியில் இடம் ஒதுக்குவார். குப்பியில் சீட்டை முதலில் ஒட்ட வேண்டும். பெயர்: நறுமுகை."