மரவரிசைக்குப் பின்னால் ஒரு பனிமேடு

திங்கட்கிழமை காலை, பனிமேட்டின் அடியிலிருந்து கசிந்த தண்ணீரில் டெல்மர் கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். அப்போதுதான் கறந்த பாலின் சூடு. மேட்டின் மேற்புறம் பழைய பனிதான். ஏப்ரல் கடைசியில் அடித்த புயல் கொட்டியதும், அதன் மேல் இவன் டிராக்டரின் முன்வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டியதும் சேர்ந்து இறுகி, புழுதி படிந்து, காற்றைத் தடுக்க நட்ட மரவரிசையின் நிழலில் ஒரு லாரி நீளத்துக்குக் கிடந்தது. டகோட்டாவில் மற்ற பனியெல்லாம் போய்விட்டது. குட்டைகளில் தவளைகள் கத்தின. காட்டு பிளம் பூத்து அதன் வாசனை மாட்டுக் கொட்டகை வரை வந்தது. வயல்களில் விதைப்பு இயந்திரங்கள் பொழுது சாயும் வரை ஓடின. வானொலிக்காரன் கல்யாண வீட்டுக்காரன் மாதிரிப் பேசினான்: "வாரம் பூரா இதே இதம்தான் மக்களே! மழை கிடையாது, காத்து கிடையாது. சட்டைக் கைய மடிச்சு விட்டுக்குங்க!"

டெல்மர் வானொலியை அணைத்தான். அந்தப் பனிமேட்டுக்குள் ரூபன் இருந்தார்.

புயல் அன்று தலையீற்றுக் கிடேரி ஒன்று கன்று போட முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. டெல்மர்தான் ரூபனைத் தொலைபேசியில் கூப்பிட்டான். இரண்டு மைல் தள்ளிப் பண்ணை, அறுபத்து நான்கு வயது. வயிற்றில் குறுக்கே கிடக்கும் கன்றைக் கையை உள்ளே விட்டுத் திருப்ப அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. "காப்பியப் போட்டு வை, வர்றேன்" என்றார். அவர் கிளம்பிய பிறகு டெல்மர் ஒரு வாய் சாராயம் குடித்தான். காத்திருக்க முடியாமல் கன்றைத் தானே இழுத்தான். தப்பாக இழுத்தான். செத்து வந்தது. பாட்டிலை முடித்தான். இரண்டு வருஷத்துக்கு முன், இனிமேல் தொட மாட்டேன் என்று அவன் தேவாலயத்தில் எழுந்து சொன்னபோது, பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டவர் ரூபன். அவர் தன்னை இந்தக் கோலத்தில் பார்த்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போதைய நினைப்பு. முற்றத்துக் கம்பத்தில் எரிந்த விளக்கை அணைத்தான். இருட்டாக இருந்தால், தூங்கிவிட்டான் போல என்று திரும்பிப் போய்விடுவார். குடித்த மூளைக்கு அது சரியாகப் பட்டது.

பனிப்புயலில் அந்தச் சீமையில் யாரும் முற்றத்து விளக்கை அணைப்பதில்லை. மின்சாரம் போனால் லாந்தரையாவது கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வழி தவறியவன் அந்த ஒரு புள்ளியைப் பார்த்துத்தான் நடப்பான்.

அன்று ராத்திரி வீட்டுச் சுவரை யாரோ தடவிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்துக்கொண்டான். காற்றுக்கு விரல் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

விடிந்ததும் மரவரிசைக்குப் பின்னால் பனிக்கு வெளியே ஒரு பூட்ஸ் தெரிந்தது. முற்றத்துப் பனியை ஒதுக்குகிறவன் போல டிராக்டரை எடுத்து அதன் மேல் ஆறு வாளி கொட்டினான். பிறகு தேடும் கூட்டம் வந்தது. ரூபனின் வண்டி ஒரு மைல் தூரத்தில் பள்ளத்தில் சிக்கிக் கிடந்ததாம், ஆள் இல்லையாம். "என் விளக்கு ராத்திரி பூரா எரிஞ்சுது. வண்டிய விட்டு இந்தப் பக்கம் நடந்து வந்திருந்தா பாத்திருப்பாரு" என்றான் டெல்மர். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு மனிதன் விளக்கை அணைத்திருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவன் அடுப்படியில் காப்பி குடித்துவிட்டு எல்லோரும் கிழக்கே தேடப் போனார்கள்.

அவர்கள் போனதும் அவன் செத்த கன்றைத் தோலுரித்தான். கன்று இழந்த பசுவிடம் வேறு கன்றைச் சேர்க்க வேண்டும் என்றால், செத்ததன் தோலைச் சட்டை மாதிரி அந்த வேறு கன்றுக்குப் போட்டுவிட வேண்டும். உட்காலோரம் கீறி, வயிற்றில் ஒரே வெட்டாகப் பிளந்து, தோலை முழுசாக உருவி, கழுத்திலும் நான்கு காலிலும் துளை போட்டு வைக்கோல் கட்டும் ஆரஞ்சு நிற நூலால் முடிச்சுப் போடுவான். வேறு பசுவின் இரட்டைக் கன்றில் ஒன்றுக்கு அப்படிப் போட்டுவிட்டான். செத்த கன்றின் தாய் வந்து மோந்தது. கன்றின் முகத்தையோ குரலையோ அது கணக்கில் எடுக்கவில்லை. அடித்தொண்டையில் முனகிக்கொண்டு நக்க ஆரம்பித்தது. ஒரு வாரம் கழித்து நூலை அறுத்துத் தோலை எடுத்துப் பனிமேட்டில் எறிந்தான். வெயில் வந்ததும் நாற்றம் கிளம்பும், யாராவது கேட்டால் காட்ட ஒரு தோல் வேண்டும். அதையும் யோசித்துத்தான் செய்தான்.

நாற்றம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பசுக்கள் மேயப் போகவில்லை. முப்பது பசுக்களும் பனிமேட்டைப் பார்த்து அரைவட்டமாக நின்றன. புல் முழங்கால் வரை நின்றும் ஒன்றுகூடத் தலையைக் குனியவில்லை. பக்கத்தில் போனபோதுதான் சத்தம் காதில் விழுந்தது. அடித்தொண்டை முனகல், ஈன்ற கன்றுக்கு மட்டும் தாய் கொடுக்கிற குரல், முப்பது தொண்டையிலிருந்தும் ஒரே மாதிரி. அழுகல் வாடை எதிர்பார்த்து மூக்கைச் சுளித்தவனுக்குச் சீம்பாலும் பனிக்குடத்துத் தண்ணீரும் கலந்த, ஈரமான, இனிப்பான வாசனை அடித்தது. கன்று செத்த கிடேரி முன்னால் வந்து நாக்கை நீட்டி மேட்டை நக்கியது. தான் பாலூட்டும் கன்றை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் போட்ட தோல் மேட்டின் மேல் இல்லை. நரி தின்றிருக்கும் என்றான். சத்தமாகவே சொன்னான்.

புதன்கிழமை ரூபனின் மனைவி ஆல்வினா வந்தாள். புளிப்பான ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட குக்கன் கேக் தட்டு கையில்.

"ஏப்பா டெல்மர், உன் மூஞ்சி என்ன தண்ணியில ஊறின ரொட்டி மாதிரி? தூங்குறியா இல்லையா?"

"தூங்குறேன்."

"உனக்குப் பொய் சொல்ல வராது. ஒன்னு விடாம எல்லாம் நெத்தியிலயே தெரியும்." கொட்டகை ஓரம் கிடந்த கட்டையில் உட்கார்ந்தாள். "முப்பத்தொம்பது வருஷமா அந்த மனுஷன் குறட்டை விட்டா விலாவுல குத்துவேன். இப்போ குத்த ஆள் இல்லாம கை வலிக்குது. சிரிக்காத."

அவன் சிரிக்கவில்லை.

"பனி போயிடுச்சு, சீக்கிரம் கிடைச்சிருவாருன்னு ஷெரிப் ஆளு சொல்றான். எப்படிக் கிடைச்சாலும் சரிப்பா. எங்க விழுந்தாரு, யாரையாவது கூப்பிட்டாரா, அது தெரிஞ்சாப் போதும்." மூக்கைத் தூக்கினாள். "இங்க எது கன்னு போட்டுச்சு?"

"செத்த கன்னுத் தோலு. அங்கதான் போட்டேன்."

"அது நாறணுமே." மரவரிசைப் பக்கம் பார்த்தாள். "உன் மாடுங்களுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சா? பனிய நக்குதுங்க."

இப்போது சொல்லிவிடலாம். முப்பது அடி நடந்து, இங்கேதான் என்று காட்டிவிடலாம்.

"ஆல்வினா."

"என்னப்பா?"

"குக்கன் நல்லா இருக்கு."

"இன்னும் வெட்டவே இல்லையேடா."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவன் கொட்டகைக்குள் போய்க் கையைக் கடித்துக்கொண்டு நின்றான். தன்னை யாராவது வெளுத்து வாங்கினால் தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை காற்றே இல்லை. இலை அசையவில்லை. மேடு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அதன் உள்ளே ஏதோ நகர்ந்தது. நீர் சொட்டும் சத்தம், அதன் நடுவே இழுபடும் சத்தம், ஈரத் தோலைச் சதையிலிருந்து முஷ்டியால் பிரிக்கும்போது வரும் அந்தச் சத்தம். அவன் கைக்குத் தெரிந்த சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி இழுக்கும். அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த கையால்.

வானொலிக்காரன் நாளையும் இதமாக இருக்கும் என்றான்.

வெள்ளிக்கிழமை, சூரியன் கிளம்பி ஒரு மணி நேரம். மண்வெட்டியோடு போனான். மாடுகள் வழி விட்டன.

மேடு திறந்திருந்தது. உள்ளிருந்து திறந்திருந்தது. தோளகலத்துக்கு ஒரு துளை, விளிம்பு வழவழப்பாக, நக்கிவிட்டது போல. ஆவி பறந்தது.

மண்வெட்டியால் மிச்சப் பனியைத் தள்ளினான். ரூபன் இருந்தார். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. துணி இல்லை.

தோலும் இல்லை.

ரத்தம் கிடையாது. பிசிறு கிடையாது. உட்காலோரம் கீறி, வயிற்றில் ஒரே வெட்டு. டெல்மர் வெட்டுகிற முறை. அவனைவிடச் சுத்தமாக.

தார்ப்பாயை இழுத்து வந்து மூடினான். நான்கு மூலையிலும் கல் வைத்தான். அப்போது கூட ஒளிக்கத்தான் கை போனது.

சாலையில் ஹாரன். விட்டு விட்டு, குழந்தை அடிப்பது போல. ஆல்வினாவின் வண்டி முற்றத்துக்கு வந்தது. முன் இருக்கையில் இரண்டு பேர்.

"டெல்மர்! டெல்மர்! வந்துட்டாருப்பா!"

அவள் மறுபக்கம் ஓடிக் கதவைத் திறந்தாள். ரூபனின் பழுப்புக் கோட்டு இறங்கியது. ரூபனின் பூட்ஸ் தரையைத் தேடி ஊன்றியது. ரூபனின் முகம். தலைமுடி ஒரே பக்கமாக ஈரமாகப் படிந்திருந்தது. கீழிமைகள் தொங்கி உள்சிவப்பு தெரிந்தது.

மாடுகள் முனகத் தொடங்கின.

"விடிகாலைல வாசல்ல நின்னாரு. பேச மாட்டேங்குறாரு. ரொட்டி வேணாங்குறாரு. பால் மட்டும் குடிக்கிறாரு, வாளியோட." அவள் சிரித்தாள். "சட்டைக் கைய நூல் போட்டுக் கட்டியிருக்காரு. அவுக்கப் போனா கைய இழுத்துக்குறாரு."

மணிக்கட்டில் ஆரஞ்சு நூல். தோலில் போட்ட துளை வழியாகப் போய் வந்திருந்தது.

ஆல்வினா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "மோந்து பாத்தேம்ப்பா. காதுக்குப் பின்னால, கழுத்துல. அவர் வாசனைதான். ஆனா ராத்திரி பூரா உக்காந்து அழுது அழுது எனக்குப் புத்தி பிசகிடுச்சோ என்னவோ. நீ சின்ன வயசுலேர்ந்து பாத்தவன். நீ சொல்லு. இது அவருதானே? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. தாங்கிப்பேன்."

பின்னால் முப்பது அடியில் தார்ப்பாய். இல்லை என்றால் அதைத் தூக்க வேண்டும். தூக்கினால் பூட்ஸைச் சொல்ல வேண்டும். ஆறு வாளிப் பனியை. அடுப்படிக் காப்பியை. சுவரைத் தடவிய கையை. விளக்கை. அவள் கண் முன்னால். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கையோடு.

வாய் திறந்தது.

"அவர்தான்" என்றான் டெல்மர்.

அவள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "போதும்ப்பா. போதும். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, கோழி அடிக்கிறேன்." திரும்பிப் போய் அந்தக் கோட்டின் கையைப் பிடித்தாள். அது முழங்காலை அதிகமாகத் தூக்கித் தூக்கி, பொருந்தாத சட்டை போட்ட கன்று மாதிரி நடந்தது. அவள் அதை ஏற்றி உட்காரவைத்தாள். கழுத்தில் சால்வை சுற்றினாள். காதுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

வண்டி கிளம்பியது. ஆல்வினா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அதுவரை டெல்மர் பக்கமே பார்த்திருந்த ரூபனின் முகம் அவள் பேச்சுக்கு முன்பக்கம் திரும்பியது.

வண்டியின் பின்பக்கக் கண்ணாடி வழியாக டெல்மர் பார்த்தான். முகத்துத் தோல் மட்டும்தான் திரும்பியிருந்தது. பிடரித் தோலுக்கு உள்ளே இருந்தது திரும்பவில்லை. அங்கே மூக்கு புடைத்தது. வாய் அசைந்தது. தோலுக்குள்ளிருந்து அது அவனையே பார்த்துக்கொண்டு போனது.