ஆளில்லாத அறையின் அலாரம்

காலை ஒன்பதரை மணி. பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே பெட்டியைத்தான் காணோம்.

அலுவலக வளாகத்தின் மூன்றாவது மாடியில் மூலை அறை. இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. சுவரில் பெட்டி இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் மிச்சம். தனியாக வாழ்கிறவர்கள் எழுந்தார்களா, நடமாடுகிறார்களா, விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் பெட்டி அது. இதுவரை செய்து முடித்தது அந்த ஒன்றைத்தான். பதினோரு மணிக்கு முதலீட்டாளர் வருகிறார். அவரும் கையை விரித்துவிட்டால் மாதக் கடைசியில் கம்பெனிக்கு மூடுவிழா.

இன்ஸ்பெக்டரம்மா அறையை நிதானமாகச் சுற்றிவந்தார். அவர் வீட்டில் அவருக்குக் கதவு திறந்துவிட ஆள் கிடையாது. அதனாலோ என்னவோ, எந்த அறைக்குள் போனாலும் அங்கே யார் இருந்தார்கள் என்பதில்தான் முதலில் கண் போகும்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, இவன்கிட்ட ஒண்ணு. மூணாவது, போன வருஷம் சண்டை போட்டுட்டுப் போன பார்ட்னர்கிட்ட. திருப்பித் தரவே இல்ல. அவன் வேலைதான் மேடம், சந்தேகமே வேண்டாம்."

சொன்னவளுக்குக் கல்லூரியிலேயே வாயாடி என்று பெயர். புரோகிராம் எழுதுவதும் முதலீட்டாளர்களிடம் பேசுவதும் அவள் பங்கு. பெட்டியைச் செய்தவன் திருப்புளி. அதுவும் கல்லூரியில் வைத்த பெயர்தான். நாலு நாள் தாடியோடு ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"இங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

"மூணு மாசம் இருக்கும். வீட்டிலேர்ந்துதான் வேலை. காலையில ரெண்டு பேரும் வீடியோ கால்ல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் லைன்லயே இருப்போம்."

"அப்ப சாரோட முகத்தை தினமும் பாப்பீங்க."

"குரல்தான். நெட் ஸ்லோன்னு கேமராவை அணைச்சுடுவான்."

"பெட்டி இத்தனை நாளும் சும்மாவா இருந்துச்சு?"

"டெஸ்டுக்கு ஓடிட்டிருந்தது. ஒரே தொல்லை மேடம். காலி ரூம்ல ஆள் இருக்குன்னு என் போனுக்கு அலாரம் அனுப்பிட்டே இருக்கும். இவன்கிட்ட சொன்னா, கோளாறு, சரி பண்றேன்னான். நான் அலாரத்தை மியூட் பண்ணிட்டேன்."

"முதலீட்டாளருக்கு இது தெரியுமா?"

"நேத்து சாயங்காலம்தான் முடிவு பண்ணேன், மூணு மாசப் பதிவையும் அவர் முன்னாடியே திறந்து காட்டிடலாம்னு. இவன்கிட்டயும் சொன்னேன். கோளாறை ஒளிச்சா யார் நம்புவா? பதிவு பெட்டிக்குள்ளதான் இருக்கு. என் பாஸ்வேர்டு இல்லாம யாரும் திறக்கவோ அழிக்கவோ முடியாது."

இன்ஸ்பெக்டரம்மா குளியலறைக்குள் போய்வந்தார். மேஜையில் ஒரு பாட்டில் மூடி கிடந்தது. அதற்குள் நான்கு திருகாணிகள் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணாவது ஆளை விடுங்க. திருட வந்தவன் பிடுங்கிட்டு ஓடுவான். திருகாணி தொலைஞ்சிடக் கூடாதேன்னு மூடியில போட்டு வெக்க மாட்டான். மறுபடி மாட்டணும்னு நினைக்கிறவன்தான் வெப்பான்."

வாயாடி திருப்புளி பக்கம் திரும்பினாள். "இவனா? இவனுக்கு இதுல என்ன லாபம்? கம்பெனியே போயிடுமே!"

"லாபத்துக்காக இல்லம்மா. பெட்டியில கோளாறே கிடையாது. ஆள் இருக்குன்னு அது சொன்னது நிஜம். மூணு மாசமா யாரும் வராத ரூம்ல சோப்பு ஈரமா இருக்கு. சார் இங்கதான் குடியிருந்திருக்கார். பதிவைத் திறந்தா எல்லார் முன்னாடியும் அது தெரிஞ்சுடும். அதான் ராத்திரியோட ராத்திரியா கழட்டிட்டார்."

திருப்புளி ஜன்னலை விட்டு மேஜையருகே வந்தான். தோளில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டு, துண்டில் சுற்றிய பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"என் வொய்ஃப் என்னை விட்டுட்டுப் போயிட்டா," என்றான். "வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவ இருந்த இடம் காலியா இருக்கு. இந்த ரூம் முதல்லேர்ந்தே காலி. அதான் இங்க வந்துட்டேன்."

"பொழுதுக்கும் பேசிட்டுத்தானேடா இருந்தோம்! ஒரு வார்த்தை சொன்னியா?"

"வேலையைப் பத்தித்தானே பேசினோம்."

வாயாடி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். பெட்டியை லேப்டாப்பில் இணைத்துப் பதிவைத் திறந்தாள். வரி வரியாக ஓடியது. 'உள்ளே ஆள் இருக்கிறார். அசைவு இல்லை. உடனே அழைத்து விசாரிக்கவும்.' மறுபடி அதே. அத்தனையும் அவள் போனுக்கு வந்தவை. அவள் கண் கலங்கிவிட்டது.

பெட்டி பிசகவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காட்டினால் கம்பெனி பிழைக்கும். ஆனால் அது அவனுடைய மூன்று மாதம். அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"அழிக்கணும்னா அழிச்சுடு. பணம் வராட்டிப் போகுது, பாத்துக்கலாம்."

அவன் லேப்டாப்பை அவள் பக்கமே திருப்பினான். "காட்டு," என்றான். "பேரை மட்டும் சொல்லாத."

புகார் இல்லை என்றானபின் இன்ஸ்பெக்டரம்மா கிளம்பியிருக்கலாம். ஏனோ வாசலிலேயே நின்றுவிட்டார். முதலீட்டாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பதிவை மேலிருந்து கீழ்வரை படித்தார். விலை கேட்கவில்லை, லாபம் கேட்கவில்லை.

"இந்த ஆள் இப்ப எப்படி இருக்கார்?"

வாயாடி பேச வாயெடுக்குமுன் திருப்புளி எழுந்தான்.

"நான்தான் சார் அது. இப்ப பரவாயில்ல."

பொய் என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரியும். யார் கேட்டாலும் அவரும் அதையேதான் சொல்லிவருகிறார். தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார்.