பச்சை வாளி, பதினொரு கையெழுத்து

ட்ர்ரிங்... ட்ர்ரிங்...!

விஜயதசமி காலை. மணி ஏழே முக்கால்.

மைசூர் விஜயநகரில், வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தான் ரவிக்குமார். நேற்று ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை.

போனை எடுத்தான். தெரியாத நம்பர். கன்னடம் கலந்த தமிழ், பேச்சுக்குப் பேச்சு மரியாதைக்கு ஒரு 'ரீ'.

"ரவிக்குமார்தானே? சேஃப்டி இன்ஸ்பெக்டர்?"

"ஆமா... நீங்க?"

"நானும் இன்ஸ்பெக்டர் ஜாதிதான் ரீ. ஆனா காக்கி. ராமாபுரம் எஸ்.ஐ. பசவராஜ். இங்க எலெக்ட்ரிக் வண்டி சார்ஜ் போடற ஸ்டேஷன்ல ஒரு பாடி கிடக்குது."

"பா... பாடியா?"

"ஓனர் சுப்பையா. கையில சார்ஜர் கன்னு... வண்டியில சொருகற பிடி. ஷாக் அடிச்சு செத்துட்டார்னு ஊரே சொல்லுது. அவர் தலைக்கு மேல சுவத்துல ஒரு சர்டிஃபிகேட். 'மிஷின் பத்திரமானது'ன்னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து... அழகா இருக்கு ரீ கையெழுத்து!"

ரவிக்குமார் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சீக்கிரம் வாங்க ரீ. மிஷின்ல கரண்ட் இருக்கா இல்லையான்னு சொல்ல ஆளில்லை. லைன்மேன் தசரா லீவ். பாடியைத் தொட என் கான்ஸ்டபிளே பயப்படறான்!"

லைன் செத்தது.

"யாருங்க?" என்றாள் உள்ளிருந்து மனைவி உமாதேவி.

"ஆபீஸ்..."

அன்றைய முதல் பொய் அது. ஆனால் பெரிய பொய்யை அவன் நான்கு மாதம் முன்பே சொல்லியாகிவிட்டது. முத்திரை குத்தி, தேதி போட்டு!

காரைக் கிளப்பினான். ஜம்பூ சவாரி யானை ஊர்வலத்துக்காகப் பாதித் தெருக்களை மறித்திருந்தார்கள். ரிங் ரோட்டைச் சுற்றிக்கொண்டு கொள்ளேகால் பாதையைப் பிடித்தான். 

அவன் வேலை சின்னது. கிராமங்களில் சார்ஜிங் ஸ்டேஷன் வைக்கும் ஒரு கம்பெனிக்காக நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டே விஷயம் முக்கியம். ஒன்று, எர்த் குழி... கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுவது. இன்னொன்று ட்ரிப்பர்... கரண்ட் கசிந்த கணத்திலேயே இணைப்பை வெட்டிவிடும் சுவிட்சு.

இரண்டும் சரியாக இருந்தால் சர்டிஃபிகேட்.

பதினான்கு ஊர்கள். முதல் மூன்றுக்கு ஒழுங்காகப் போனான்.

அப்புறம் வெயில். அப்புறம் தூரம். அப்புறம்... காண்ட்ராக்டர் போனில் போட்டோ அனுப்ப ஆரம்பித்தான்.

'எர்த் குழி ரெடி சார்!'

குழி, கரி, உப்பு, பக்கத்தில் காது உடைந்த ஒரு பச்சை வாளி.

அடுத்த ஊர் போட்டோ வந்தது. அதே குழி. அதே காது உடைந்த பச்சை வாளி!

ரவிக்குமார் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தான். சிரித்துக்கூடக் கொண்டான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான்.

பதினொரு ஊர்... பதினொரு பச்சை வாளி... பதினொரு கையெழுத்து!

அதில் ஒன்று ராமாபுரம்.

'நான் கொன்னுட்டேன்...' முனகினான்.

கொள்ளேகால் தாண்டும்போது மேனேஜரின் போன் வந்தது.

"ரவி, கேள்விப்பட்டேன். பயப்படாதே. ஆயுத பூஜைன்னு மிஷினைத் தண்ணி ஊத்திக் கழுவியிருப்பாங்க. தப்பு அவங்க மேலன்னு எழுதிடு. முடிஞ்சுது!"

"சார்... நான் அங்க போகவே இல்லையே?"

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

கேவலமான யோசனை. ஆனால்... அதைவிடக் கேவலமான ஒன்றும் நடந்தது. அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது!

ஹனூர் வரைக்கும் அதையே மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ராமாபுரம். மணி பதினொன்று.

ரோட்டோரத்தில், சுப்பையாவின் வீட்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரை. அதன் கீழே ஆளுயரச் சார்ஜிங் மிஷின். பூஜை போட்ட கல்யாணக் களை இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. திரை மொத்தமும் சந்தனம் அப்பி, நடுவில் கைப்பிடிக் குங்குமம்.

அதன் காலடியில், யாரும் தொடாமல் தள்ளி நின்று வீசிப் போர்த்திய வேட்டிக்கு அடியில் உடல்.

அம்பதடி தள்ளி ஊரே நின்றது. மிஷினைப் பாம்பைப் போலப் பார்த்துக்கொண்டு!

"வாங்க கையெழுத்து சார்!" என்றார் பசவராஜ். தொப்பையும் மீசையும் போட்டி போடும் ஆள்.

கூட்டத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். எதிர்க் கடை ரத்தினசாமி. பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி விற்பவன்.

"நாந்தானுங்க முதல்ல பாத்தேன்! விடிகாலம் ஆறு மணி. மிஷினு பட்டு பட்டுன்னு வெடிச்சுதுங்க. நீலமா நெருப்பு! சுப்பையாண்ணன் துடியாத் துடிச்சாரு. கரண்ட்டு தூக்கி எறிஞ்சதுல பொடனி கல்லுல அடிச்சுப் போச்சு. வெறகுக் கட்டையில தட்டி விட்டேன். கன்னு மட்டும் கைய விட்டு வரலீங்க!"

"சரி ரீ, மூச்சு விடு," என்றார் பசவராஜ்.

"எப்படீங்க விடறது? இந்தச் சாரு வந்து பாத்திருந்தா இப்பிடி ஆவுமா? நான் காத்தாலயிருந்து பொழுதுவரைக்கும் எதுக்கால கடையிலயே குந்தியிருக்கறேன். ஒரு நாளு... ஒரே ஒரு நாளு இவரு இங்க கால வெச்சிருப்பாரா, கேளுங்க!"

கூட்டம் முழுவதும் ரவிக்குமார் பக்கம் திரும்பியது.

பசவராஜின் புருவம் ஏறியது. "வந்தீங்களா ரீ?"

சொல்லிவிடலாம். 'வந்தேன். எல்லாம் சரியா இருந்தது. இவங்க தண்ணி ஊத்திட்டாங்க.' மூன்றே வாக்கியம்.

வாயைத் திறந்தான்.

அப்போதுதான் வீட்டுப் படியில் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்த ஒருத்தியைப் பார்த்தான். நெற்றிக் குங்குமம் கலைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. சுப்பையாவின் மனைவி பஞ்சவர்ணம்.

அவள் அழவில்லை. அவனையே பார்த்தாள்.

"வரலைங்க..." என்றான் ரவிக்குமார். "நான் வரலை. போட்டோவைப் பாத்துட்டு வீட்ல இருந்தே கையெழுத்துப் போட்டேன். உங்க வீட்டுக்காரரை நான்தாம்மா கொன்னுட்டேன்!"

கூட்டம் சலசலத்தது.

"பாத்தீங்களா! ஒத்துக்கிட்டாரு!" கத்தினான் ரத்தினசாமி.

"நீ சும்மா இரு ரீ! சார், முதல்ல கரண்ட்டைக் கட் பண்ணுங்க. உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் போனான் ரவிக்குமார். கம்பத்திலிருந்து வரும் மெயின் பெட்டி. கதவைத் திறந்தான்.

திடுக்கிட்டான்!

உள்ளே மூன்று ப்யூஸ் கட்டைகள் இருக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் கட்டைகள். அவை வழியாகத்தான் கம்பத்துக் கரண்ட் மிஷினுக்குள் நுழைய முடியும்.

மூன்று இடமும் காலி!

"யாராவது ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினீங்களா?"

"ஐயோ, கிட்டயே போகலை ரீ! யாரும்!" என்றார் பசவராஜ்.

"அப்ப கட்டைங்க எங்க?"

படியிலிருந்து மெலிசாக ஒரு குரல்.

"சாமிகிட்ட இருக்குதுங்க..."

பஞ்சவர்ணம்!

"என்னம்மா சொன்னீங்க?"

"சாமிகிட்டீங்க. ஆயுத பூசைக்கு அருவா, கொடுவாளு, மோட்டார் கட்டை எல்லாத்தையும் கழட்டி வெச்சுக் கும்புடறது இந்தப் பக்கத்து வழக்கம். மிஷினுக்கும் நேத்து ராத்திரி அவுருதான் கழட்டிக் குடுத்தாரு. இன்னிக்கி மத்தியானம் மறுபூசை ஆவாம எப்பிடீங்க எடுக்கறது?"

உள்ளே போனாள். தாம்பாளத்தோடு வந்தாள்.

அரிவாள். ஸ்பேனர். மூன்று பீங்கான் கட்டைகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த குங்குமம். மூன்றையும் சேர்த்துச் சுற்றிய மஞ்சள் நூல்... நேற்றுப் போட்ட முடிச்சு... அவிழவே இல்லை!

ரவிக்குமார் கிட்டே போய்க் கட்டைகளைப் பார்த்தான்.

"சார்... இந்த மிஷின்ல நேத்து ராத்திரியிலருந்து கரண்ட்டே இல்லை!"

பசவராஜ் நிதானமாகத் திரும்பினார்.

"ரத்தினசாமி... கரண்ட் இல்லாத மிஷின் எப்படி ரீ பட்டு பட்டுன்னு வெடிச்சுது?"

"அ... அது... அதுக்கப்பறம் கட்டைய யாராச்சும் எடுத்து..."

"யாரு? சுப்பையாவா? ஷாக் அடிச்சுச் செத்து, எந்திரிச்சுப் போய்க் கட்டையைப் பிடுங்கி, குங்குமம் வெச்சு, நூல் சுத்தி வெச்சிட்டு, திரும்பி வந்து படுத்துக்கிட்டாரா?"

கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

பசவராஜ் குனிந்து, போர்த்திய வேட்டிக்கு வெளியே தெரிந்த கையை முதன்முறையாகத் தொட்டுத் தூக்கினார். உள்ளங்கை கருகியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"கரண்ட்டு சுட்ட கையில பெட்ரோல் வாசனை எப்படி ரீ வரும்?"

ரத்தினசாமி ஓடினான்!

நாலு எட்டுதான். கான்ஸ்டபிள் காலை நீட்டினான். ரத்தினசாமி குப்புற விழுந்தான்.

"நேத்துக்கூடச் சண்டைங்க!" பஞ்சவர்ணத்தின் குரல் இப்போதுதான் வெடித்தது. "பெட்ரோல் பேரலை மிஷினுக்குப் பக்கத்துல வெக்காத, பொறி பட்டா ஊரே எரிஞ்சுபோவும், இல்லீன்னா தீயணைப்புக்காரங்ககிட்ட எழுதிக் குடுத்துருவேன்னாரு. ரத்தினம், அதுக்காகவாடா?"

"தள்ளினேன்... அவ்வளவுதானுங்க!" மண்ணைத் தின்றபடி அலறினான் ரத்தினசாமி. "வாழக்கன்ன நிமுத்திக் கட்ட வந்தாரு. மறுக்காவும் பேரலுப் பேச்சு. தள்ளினேன், மண்ட கல்லுல பட்டுருச்சு! இந்தச் சாரு வராமயே கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியுமுங்க. பழி அவரு மேல போவுமுன்னு உள்ளங்கையில பெட்ரோல ஊத்திக் கொளுத்தி, கன்ன கையில வெச்சேன்..."

ஜீப்பில் ஏற்றினார்கள்.

ரவிக்குமார் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். நான் கொல்லவில்லை... நான் கொல்லவில்லை!

பசவராஜ் அவன் தோளில் தட்டினார். "பொழைச்சீங்க ரீ. வராத கேஸை உங்க கம்பெனி பாத்துக்கட்டும். ஊருக்குப் போங்க. யானை ஊர்வலம் பாருங்க."

கார் கதவில் கை வைத்தான்.

"ஏனுங்க..."

பஞ்சவர்ணம். கையில் தாம்பாளம்.

"வந்ததே வந்துட்டீங்க. இப்பவாச்சும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. அவுரு ஆசையா வெச்ச மிஷினு."

அவளே நூலை அவிழ்த்தாள். மூன்று கட்டைகளையும் அவன் கையில் கொடுத்தாள்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். கட்டைகளைச் செருகினான். சந்தனத்துக்குப் பின்னால் மிஷினின் விளக்கு விழித்தது.

டெஸ்டரை எடுத்து, மிஷினின் இரும்பு உடம்பில் வைத்தான்.

பளிச்!

டெஸ்டரின் விளக்கு எரிந்தது. தொட்டால் கொல்லும் கரண்ட், வெளி உடம்பிலேயே!

ட்ரிப்பரின் சோதனைப் பட்டனை அழுத்தினான். 'டக்'கென்று விழ வேண்டும்.

விழவில்லை. மறுபடி அழுத்தினான். ம்ஹும்.

கட்டைகளைப் பிடுங்கிவிட்டு ஓடிப்போய் எர்த் குழியின் மூடியைத் தூக்கினான். உள்ளே கம்பி இல்லை, தகடு இல்லை. வெறும் மணல். மேலே ஒரு பீடித் துண்டு.

"நாலு மாசமா நல்லாத்தானுங்களே ஓடிச்சு?"

"கசியாத வரைக்கும் ஓடும்மா. நேத்துக் கழுவினப்போ உள்ள தண்ணி இறங்கியிருக்கு. அதுக்குத்தான் எர்த். அதுக்குத்தான் ட்ரிப்பர். கழுவக் கூடாதுன்னு வந்து சொல்ல வேண்டியவனும்... நான்தான்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப... ரத்தினம் தள்ளாம இருந்திருந்தாலும், மத்தியானம் கட்டைய மாட்டிப்போட்டு அவுரு தொட்டிருந்தா..?"

பொய் சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆமாம்மா. செத்திருப்பார்."

அவள் திட்டியிருக்கலாம். மண்ணை வாரி எறிந்திருக்கலாம். தாம்பாளத்தைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். அது அவன் நெஞ்சில் இறங்கியது. இந்த ஊரில் ஆபத்து என்று வாயைத் திறந்து சொன்னது ஒரே ஒரு ஆள். அந்த ஆள்தான் வேட்டிக்கு அடியில் கிடந்தார்.

சட்டென்று நிமிர்ந்தான்.

"அம்மா! கட்டையைச் சாமிகிட்ட வைக்கறது இந்த ஊர்ல மட்டுமா?"

"இந்தச் சுத்துப்பட்டு மொத்தமுமுங்க."

"எல்லா ஊர்லயும் கழுவியிருப்பாங்களா?"

"கழுவாம எப்பிடீங்க பூசை?"

"திரும்ப எப்ப மாட்டுவாங்க?"

"ஒரு மணிக்கு மேல நேரம் நல்லாருக்குது. அதுக்கப்பறம்..."

மணியைப் பார்த்தான்.

பன்னிரண்டு இருபது!

இன்னும் பத்து ஊர்கள்... பத்துப் பச்சை வாளிகள்... நாற்பது நிமிஷம்!

போனை எடுத்தான். ஸ்டேஷன் ஓனர்கள் பட்டியலில் முதல் நம்பர்.

"ஹலோ! மல்லம்மாவா? சார்ஜிங் ஸ்டேஷன் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட்ட ரவிக்குமார். கட்டையை மாட்டாதீங்க! சாமிகிட்டயே இருக்கட்டும்! ஏன்னா... நான் போட்டது பொய்க் கையெழுத்தும்மா!"

அடுத்த நம்பர். அதே வாக்கியம். அடுத்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வார்த்தைகளை விழுங்காமல் சொன்னான். நாலாவது ஆள் கெட்ட வார்த்தையில் திட்டினார். கேட்டுக்கொண்டான். ஏழாவது ஆள் எடுக்கவே இல்லை. பசவராஜ் வயர்லெஸ்ஸில் ஆளனுப்பினார். பத்தாவது ஊரில் தேவம்மா என்றொருத்தி, "கையில கட்டையோடதானுங்க நிக்கறேன்!" என்றாள்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. பத்தும் முடிந்தது.

சுவரில் இருந்த சர்டிஃபிகேட்டைக் கிழித்துக்கொண்டு வந்து பசவராஜிடம் நீட்டினான்.

"சார்... என் மேலயும் ஒரு கேஸ் எழுதுங்க. கம்பெனி மேலயும். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தான். "சார், இவரையும் மாட்டிடவா?"

பசவராஜ் மீசையைத் தடவினார். ரவிக்குமாரின் வலது கையையும், அதிலிருந்த டெஸ்டரையும் பார்த்தார்.

"வேணாம்ப்பா, அந்தக் கையை விட்டுடு! அதை மிச்சப் பத்து ஊருக்கும் ஜீப்ல நானே கூட்டிட்டுப் போகப் போறேன்... கையெழுத்து மட்டும் தனியாப் போன இடத்துக்கெல்லாம், இப்பவாவது ஆளும் கூடப் போகட்டும்!"